மடிப்பு

நவம்பர் கடைசியில்
மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன்
இரண்டு மாதம் ட்ரோம்சோவை எட்டிப் பார்க்காது.
என் அட்டையில் இரவுப் பணி என்று போட்டிருக்கிறது.
அந்த இரண்டு மாதத்தில் இங்கே
எந்தப் பணிதான் இரவுப் பணி இல்லை?

மருத்துவமனையின் நிலவறையில்
உலர்த்தி கக்கும் சூடான விரிப்புகளை
நான்காய் மடிப்பவள் நான்.
மோல்ஃப்ரித். வயது ஐம்பத்தெட்டு.

போன வாரம்
பாட்டுப்புத்தகத்தின் பின்னட்டைக்குள்
ஒரு தாள் கிடைத்தது.
திடப்படுத்தலுக்கு முந்தின நாள்
பதினைந்து வயதுக் கையெழுத்தில்
கடவுளுக்கு நான் எழுதிக் கொடுத்தது.
மடகாஸ்கரில் செவிலியாவேன்.
நான்கு பிள்ளைகள்.
மஞ்சள் வீடு, அதில் யாரும் கத்தக் கூடாது.
யாரையும் வெறுக்க மாட்டேன்.
கடைசி வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

உடற்கூறு பாடத்தில் இரண்டு முறை தோற்றேன்.
மடகாஸ்கரை எனக்குத் தெரியும்,
வெனிலா பொட்டலத்தின் முதுகில்
பொடி எழுத்தில் இருக்கும்.
பிள்ளை ஒன்றே ஒன்று, சில்யே.
ஸ்டவாங்கரிலிருந்து ஞாயிறுதோறும்
மூன்று நிமிடம் பேசுவாள்,
முட்டை அரைவேக்காடாகிற நேரம்.
வீடு சாம்பல் நிறம்.
அதில் ஒட்வார் கத்தினார். நானும் கத்தினேன்.
அவர் போன பிறகு சுவர்களிடம் கத்தினேன்.
வெறுப்பு பதினோரு வருடம்.
வேறெந்தச் செடியும் என் கையில்
அவ்வளவு தழைத்ததில்லை.

கடைசியில் ஒட்வார்
இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிடந்தார்.
அவர் விரிப்பு என் கைவழியேதான் போயிருக்கும்.
எது என்று தெரியாது.
தெரிந்திருந்தால் மடித்திருப்பேனா,
அதுவும் தெரியாது.

ஜெபத்தில் இதையெல்லாம் சொன்னதில்லை.
தேர்வில் தோற்ற பிள்ளை
மதிப்பெண் அட்டையை முதுகுக்குப் பின் பிடித்தபடி
மழை வருமா என்று கேட்டு நிற்குமே,
அப்படித்தான் நாற்பது வருடமாய்
அவரிடம் பேசிவந்தேன்.

நேற்று மூன்று மணி இடைவேளை.
ஆறிப்போன காப்பி.
ஈஸ்டருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்க
உயிர்த்த காலையைப் படித்தேன்.
காரணம் ஒன்றுமில்லை, பக்கம் அங்கே திறந்தது.
கல் புரண்டு கிடக்கிறது.
ஓடி வந்தவர்களுக்கு மூச்சிரைக்கிறது.
உள்ளே உடல் இல்லை.
தலையைச் சுற்றியிருந்த துணி மட்டும்
மற்றவற்றோடு சேராமல்
தனியே, மடிப்பாய், ஓர் ஓரத்தில்.

யார் வைத்தது?

எத்தனை ஈஸ்டரில் கேட்டிருப்பேன் இதை.
காதில் விழுந்தது, கையில் விழவில்லை.
முப்பது வருடம் துணி மடித்தவள் சொல்கிறேன்:
அவசரக்காரர் மடிக்க மாட்டார்.
கோபத்தில் இருப்பவர் சத்தியமாய் மடிக்க மாட்டார்.
மரணத்திலிருந்து அப்போதுதான் எழுந்தவர்,
வெளியே ஓர் உலகம் அழுதுகொண்டிருக்க,
தம் இரத்தம் காய்ந்த துணியை எடுத்து
ஓரத்தோடு ஓரம் சேர்த்து
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
வெளுக்காமல்.
கறையோடு.

சிரித்துவிட்டேன்.
எந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.
முதுகுக்குப் பின்னிருந்த அட்டையை
முன்னே கொண்டுவந்தேன்.
இவ்வளவுதான், என்றேன்.
பதில் வரவில்லை.
வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

இடைவேளை முடிந்து முதலில் வந்தது
அயோடின் கறை போகாத விரிப்பு.
விதிப்படி அது கந்தல் கூடைக்கு.
கூடையில்தான் போட்டேன்,
மடித்து.

இன்று சூரியன் திரும்பும் நாள்.
பள்ளிப் பிள்ளைகள் பாலத்தருகே
தெற்கைப் பார்த்துக் கூச்சலிட்டு நின்றார்கள்.
மேகம் விலகவே இல்லை.
ஆனாலும் நேரம் வந்ததும்
வந்துவிட்டது என்று எல்லோரும் கைதட்டி
ஜாம் வைத்த சூரிய ரொட்டியைக் கடித்தார்கள்.
வரிசையில் நின்று நானும் ஒன்று வாங்கினேன்.

சில்யேவை அழைத்தேன். எடுக்கவில்லை.
இன்று ஞாயிறு இல்லையே.
ரொட்டி நன்றாயிருக்கிறது என்று
குரல்பெட்டியில் சொல்லி வைத்தேன்.
பிறகு, மோவாயில் ஜாமோடு,
பேருந்துக்கு நின்றேன்.