இடது தோள்

கிடினியா துறைமுகத்தில் மூடுபனி இறங்கினால்
கிரேன்களுக்குக் கழுத்து மட்டும்தான் மிஞ்சும்.
மூன்றாவது மாடியில் நாங்கள் இருவர்,
ஒரு ஹீட்டர்,
மின்கட்டணத்தைத் தின்று கொழுத்த ஒரு கிராஃபிக்ஸ் கார்டு.

யாக்னா வரைந்தாள். நான் குறிப்பு எழுதினேன்.
எங்கள் விளையாட்டின் நாயகி மேவா,
படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவள்.
மஞ்சள் மழைக்கோட்டு, மூன்று பொத்தான்,
இடப்புருவத்தை வெட்டிச் செல்லும் ஒரு தழும்பு.
நானூறு காட்சிகளில் அவள் வரவேண்டும்.
யாக்னாவுக்கு இருப்பதோ ஒரு வலக்கை,
ஜூன் வரைக்குமான வாடகை.

அதனால் இருபத்தேழு படங்களை மாடலுக்கு ஊட்டினோம்.
மேவா என்றால் எங்கள் மொழியில் கடற்புறா.
அப்படிக் கூப்பிட்டால் இறக்கையோடு வந்து நிற்கும்.
ஆகவே எந்த அகராதியிலும் இல்லாத ஒன்றை அவளுக்கு வைத்தேன்:
ஓக்ஸ்வி.
பொருளுள்ள சொல்லில் ஏற்கெனவே
யாராவது குடியிருப்பார்கள்.

முதல் பயிற்சியில் தழும்பு ஊர் சுற்றியது.
ஒரு படத்தில் இடப்புருவம், அடுத்ததில் வலம்,
ஒன்றில் இரண்டிலும்,
யாரோ அவள் கண்களை அடைப்புக்குறிக்குள் போட்டதுபோல.
விடிகாலை மூன்று மணிக்குக் கண்டுபிடித்தேன்.
படங்களை இடம்வலமாகப் புரட்டிக் காட்டும் அமைப்பை
அணைக்க மறந்திருக்கிறேன்.
பாவம், அது பார்த்ததைத்தான் சொன்னது.

இரண்டாம் பயிற்சிக்குக் குறிப்புகளைத் திருத்தினேன்.
இதில் ஒரு சூட்சுமம் உண்டு, தலைகீழானது.
எதை எழுதுகிறோமோ அதைக் கழற்றலாம்.
மஞ்சள் மழைக்கோட்டு என்று எழுதிவைத்தால்
கோடையில் அவளுக்குப் பருத்திச் சட்டை போடலாம்.
எழுதாமல் விட்டது ஒட்டிக்கொள்ளும்,
தோலாகிவிடும்.
கோட்டை எழுதினேன், தொப்பியை எழுதினேன்,
மழையை, கைவிளக்கை,
மூலையில் யாக்னா சிந்திய காப்பிக் கறையைக்கூட எழுதினேன்.
தழும்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

வந்தாள்.
ஓடினாள், கயிறு இழுத்தாள், யாரையோ திட்டினாள்,
எல்லாவற்றிலும் அதே மேவா, அதே புருவம்.
எல்லாவற்றிலும்
இடது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது.

தூங்கும் படத்தில்கூட.

"நான் இப்படி வரையவே இல்லை" என்றாள் யாக்னா.
இருபத்தேழையும் தரையில் பரப்பினோம்.
இருபத்தேழிலும் இருந்தது,
ஒரு விரற்கடை, சிலதில் அரை.

அவள் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு "அந்தக் குளிர்காலம்" என்றாள்.
அவளுடைய பழைய ஃபிளாட் எரிந்துபோன வருடம்.
காப்பீட்டு அலுவலகம் தினமும் அவளைக் காக்கவைத்தது:
ஒரு பியானோ,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்,
திரும்ப அதே பியானோ.
போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு
இருட்டிய ஜன்னலில் தெரிந்த தன்னையே பார்த்துப் பார்த்து
மேவாவை நிற்கவைத்திருக்கிறாள்.

"விட்டுவிடலாமா?" என்றேன்.
"அழகாகத்தான் இருக்கிறது. ஒரு சுபாவம் மாதிரி."
என் யோசனைகள் எப்போதும் இப்படித்தான்,
செலவு குறைந்தவை.

"தூங்கும்போதுமா?" என்றாள்.

என்னை எழுப்பிவிட்டு அவளே உட்கார்ந்தாள்.
முதல் படம்: இடது தோள் உயர்ந்திருக்கிறது.
இரண்டாம் படம்: இடது தோள் உயர்ந்திருக்கிறது.
நகலெடுத்து ஒட்டலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.
பதினோராம் படத்தில் எழுந்து போய் முகம் கழுவிவந்தாள்.
பன்னிரண்டாம் படம்:

மூன்றாம் பயிற்சி ஓடுகிறது.
விசிறி இரைகிறது. கண்ணாடியில் ஈரம் வழிகிறது.
ஆயிரத்து இருநூறாவது படியில் முதல் மாதிரி:
மேவா, படகின் பலகைமேல், கண்மூடி,
தழும்பு அதன் இடத்தில்,
இரண்டு தோளும் பலகையில் படிந்து.

யாரோ அழைக்கிறார்கள்.
யாக்னா போனை எடுக்கிறாள், ஒரு கையில் பேனா இருக்க.
நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.