பாடபேதம்

ஜாம்பஜார் அச்சகத்தில் என் தங்கை ஜெசிந்தா
பதினேழு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள்.
கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி,
வட்டச் செயலாளரை வாழ்த்தும் சுவரொட்டி.
ஒருமுறை மணமகள் மணமகல் ஆகி
முந்நூறு அட்டை வீணாகிப் போனது.
அன்றிலிருந்து எந்த ‘ள’வைக் கண்டாலும்
ஒரு நொடி நின்றுதான் தாண்டுவாள்.

அடையாறு. டோக்கன் அறுபத்து மூன்று.
வெளியே ஐப்பசி மழை.
நனைந்த குடைகளை எல்லோரும்
கூட்டிவந்த நாய்போலக் காலடியில் கிடத்தியிருந்தோம்.

“இந்த வைரஸ் முக்காவாசிப் பேருக்கு வந்து
தானாப் போயிடும். சிலர் உடம்புல தங்கிடும்.
ஏன்னு கேட்டா, பல காரணம். மரபணுவுல
சின்னச் சின்ன வித்தியாசமும் அதுல ஒண்ணு.”

எழுத்துப் பிழை மாதிரியா, என்றேன்.
அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து பேசாதவள்
தலை நிமிர்ந்தாள்.
“பிழை இல்ல. பாடபேதம்.
ஏட்டுக்கு ஏடு ஓரெழுத்து மாறும்.
எது மூலம்னு யாராலயும் சொல்ல முடியாது.”
சின்ன வயது டாக்டர்,
அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

ஒரே வயிறு. ஒரே ரேஷன் அரிசி.
இடப்பக்கம் ஒரே கோணல் பல்.
எனக்கும் அது வந்திருக்கும், ஏதோ ஒரு கோடையில்,
விலாசம் தவறிய தபால்போல
வாசல்வரை வந்து திரும்பியிருக்கும்.
அவளிடம் உட்கார்ந்துகொண்டது.
எந்த வரியில் பிரிந்தோம்?

பிழைப்பாளா என்று கேட்க வாயெடுத்து
அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன்.

“எழுத்து ஒரு பங்குதான்மா.
இதுக்கு முன்னால எப்போ பரிசோதனை செஞ்சீங்க?”
ஜெசி என்னைப் பார்த்தாள்.
நான் குடையைப் பார்த்தேன்.

ஊரார் பெயரையெல்லாம் மூன்று தரம் வாசித்தவள்.
அவளை ஒருவரும் ஒருதரம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை,
நானும்தான்.

திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது.
மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தோம்.
நடையில் ஒரு விழிப்புணர்வுச் சுவரொட்டி:
கருப்பைவாய் புற்றுநோய்.
நின்றாள்.
“இங்க ஒற்று மிகும்.”
கைப்பையில் சிவப்புப் பேனாவைத் துழாவி
இரண்டு சொல்லுக்கும் நடுவே, நெருக்கி,
ஒரு ‘ப்’ போட்டாள்.
புள்ளி சரியாக விழவில்லை என்று மறுபடி வைத்தாள்.

அதற்குள் நான்
டோக்கன் வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டேன்.
பெயர், என்றார்கள்.
என் பெயரைச் சொன்னேன்.