முக்கால் கிலோ

ஊதும்மா, ஊது, இன்னும், இன்னும், விடாதே
என்று கத்துகிறாள் குழாயைப் பிடித்திருப்பவள்.
நான் ஊதி முடித்து வெகுநேரமாகிவிட்டது.
திரையில் குன்று எழவேண்டிய இடத்தில்
வேகத்தடை அளவுக்கு ஒரு மேடு.

"சிகரெட் உண்டா?" காகிதத்தைப் பார்த்தபடி டாக்டர்.
இல்லை.
"வீட்டில் விறகடுப்பு?"
ஓட்டேரியில், மூன்றாவது மாடியில், காஸ் சிலிண்டர் சார்.
"போகிப் புகை?"
அது ஊருக்கே உண்டு.
"இருபத்துநாலு வயசு.
நுரையீரல் அறுபதுன்னு சொல்லுதே."

பிறந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை.
வளர்ந்தவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

துணிப்பையிலிருந்து பழைய ஃபைலை எடுத்து வைத்தேன்.
அதன்மேல் என் பெயர் கிடையாது:
பேபி ஆஃப் புனிதகலா.
பெயர் வைக்க அறுபது நாள் காத்திருந்தார்கள்
வீணாகிவிடக் கூடாதே என்று.
இருபத்தைந்து வாரம் மூன்று நாள்.
எழுநூற்று நாற்பது கிராம்.
எழும்பூர், கத்திரியின் முதல் நாள்.
ஆவணியில் வரவேண்டியவள்.

அம்மா இன்றும் கடையில்
முக்கால் கிலோ எதையும் கேட்பதில்லை.
அரை, இல்லையென்றால் ஒன்று.
அதனால் எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம்
ஒரு வாரம் போதாது, மறுவாரம் அழுகும்.
சில இரவுகளில் என் மூக்கடியில் அவள் விரல்.
தூங்குவதுபோல் கிடப்பேன்,
மூச்சைக் கொஞ்சம் சத்தமாக விட்டுக்கொண்டு.

லேசரால் சுட்டுக் காப்பாற்றிய கண்கள் இவை.
நேரே இருப்பது எல்லாம் தெரியும்.
ஓரங்களைக் கூலியாக எடுத்துக்கொண்டார்கள்.
புரசைவாக்கம் நெடுஞ்சாலையில்
இடதுபக்கம் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து
ஹாரனோடு பிறக்கும் ஒரு ஷேர் ஆட்டோ.

வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் என்னால் ஏற முடிந்ததில்லை.
"சோம்பேறி" என்று சிவப்பில் எழுதினார் கணக்கு டீச்சர்.
மூளைப் படத்தில் ஒரு வெண்புள்ளி இருக்கிறது என்று
பிற்பாடு ஒருவர் சொன்னார்.
ரிப்போர்ட் கார்டைத் திருத்த யாரும் வரவில்லை.

இன்று காலை இருபத்தொன்பது சி வந்தது.
படியில் நெரிந்த கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர்,
"ஏம்ப்பா, கொறமாசத்துல பொறந்த மாதிரி முண்டுறீங்க?"
எல்லோருக்கும் கடைசியில்
கம்பியைத் தேடிக்கொண்டிருந்த நான்
சிரித்துவிட்டேன்.
"இன்னா சிரிப்பு, ஏறும்மா."

டாக்டர் முதல் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.
ஐம்பது வயசில் எப்படி இருக்கும் சார்?
"தெரியாதும்மா.
உன்ன மாதிரி ஆளுங்க இப்பத்தான் வளர்ந்து வர்றீங்க.
நீங்க போய்ப் பார்த்துச் சொன்னாத்தான்
எங்களுக்கே தெரியும்."
இன்ஹேலர் ஒன்று எழுதினார்.
ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.
ஆறு மாதம்.
எனக்கு அது ஒரு முழுக் கர்ப்பம்.

வெளியே நடையில்
நெட்டையாக ஒருவன், குதிகால் தரையில் படாமல்
நுனிவிரலில் நடந்து வந்து உட்கார்ந்தான்.
சோடாபுட்டிக் கண்ணாடி.
புறங்கையில் அரிசிக்குருணை இறைத்ததுபோல் வெள்ளைத் தழும்புகள்.
என் கையைப் பார்த்தான்.
"எத்தனை?"
"இருபத்தஞ்சு. நீ?"
"இருபத்தாறு."
பக்கத்திலிருந்தவர் வயதென்று நினைத்துக்கொண்டு,
"பார்த்தா காலேஜ் பையனாட்டம் இருக்கியே தம்பி" என்றார்.
காலேஜ் பையன்தான். பத்தொன்பது.
ஆனாலும் என்னைவிட ஒரு வாரம் மூத்தவன்.

உள்ளே குழாய்க்காரியின் குரல் உயர்ந்தது.
"ரொம்பக் கத்துவாங்களா?" என்றான்.
கத்துவாங்க.
நாம முடிச்சப்புறமும் கத்துவாங்க.