கீழே ஏழு, மேலே ஆறு

எல்லாமே சிவப்பு.
கருங்கல் கடையில் அன்று வேறு கலர் இல்லை.
"உள்ளே போனப்புறம் யாரு பாக்கப்போறா" என்றான்.
நானும் தலையாட்டி
மூன்று காயில் வாங்கிவந்தேன்.

முனைக்கு முனை டேப் ஒட்டி நம்பர் எழுதியது உண்மை.
பிறகு பூச்சு வேலை நடந்தது.
பிறகு ஆனிச் சாரல்.
குறும்பனைக் கடல் ஜன்னல் வழியே உப்பு துப்புகிற தூரம்.
இன்று பார்த்தால்
டேப் பாதி உரிந்து சிமென்ட் தூளில் கிடக்கிறது,
ஒட்டியிருப்பதில் மை இல்லை.
ஒன்றில் மட்டும் ஆறு மாதிரி ஏதோ.
தலைகீழாய்ப் பிடித்தால் ஒன்பது.
இந்தப் பைப்பில் ஒன்பது கிடையாது,
ஆறுதான் என்று ஞாபகம்.

ஷிபின் இருந்தால்
மேலே அவன், கீழே நான்,
"இதா?" "இல்லண்ணே." "இதா?" "ஆமா, அதுதான்."
ஒரு சாயா ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.
அவன் மார்த்தாண்டத்தில் எட்டுப் போட்டு
லைசன்ஸ் எடுக்கப் போயிருக்கிறான்.

தனியாளுக்கு ஒரு கணக்கு உண்டு.
மாடிப் பெட்டியில்
ஒன்றைத் தனியே விட்டேன்
இரண்டைச் சேர்த்து முறுக்கினேன்
மிச்சம் மூன்றையும் முறுக்கினேன்.
இருபத்திரண்டு படி இறங்கி
ஹால் போர்டின் முன் குத்தவைத்து
மீட்டர் ஊசியால் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
கூவினால் சொந்தம்.
கூவாவிட்டால் வேற்றாள்.

மூன்று பேர் அகப்பட்டார்கள்.
இரண்டு பேர் அகப்பட்டார்கள்.
ஊமையாய் ஒன்று நிற்கவேண்டும்.
இரண்டு நின்றது.

விரல்விட்டு எண்ணினேன், வாய்விட்டு எண்ணினேன்.
என் கையால் இழுத்த வயர்.

ஊமைகளில் ஒன்றை மற்றவர்களோடு கட்டி
மேலே ஓடினேன். சத்தமில்லை.
கீழே வந்து மாற்றிக் கட்டினேன்.
மேலே போனேன். கூவியது.
அப்படியானால் அந்த முதல் ஊமை
எங்கேதான் போகிறது?

ஜன்னல் கண்ணாடியில் பெயின்ட் சுரண்டிக்கொண்டிருந்த
பெல்சி திரும்பினாள்.
"என்னத்துக்கு இப்பிடி ஏறி ஏறி எறங்குதிய?"
"ஒண்ணு கூடுதல் கெடக்கு."
"கொறஞ்சாத்தானே கொழப்பம்?"
"கூடினாலும்தான். எங்க போகுதுன்னு தெரியாம
கரண்ட் குடுக்க ஒக்காது."

பிளேடைக் கீழே வைத்தாள்.
"அது டைசனுக்க ரூமுக்காட்டு இருக்கும்"
என்று கிழக்குச் சுவரைக் காட்டினாள்.

அங்கே ரூம் ஏது?
வெள்ளைச் சுவர். ஒரு காலண்டர் ஆணி.

பிறகு மெல்ல வந்தது ஞாபகம்.
மாசியில் அங்கே ஒரு வாசல் இருந்தது.
வாசலுக்கு அப்பால் சுண்ணாம்புப் பொடியில்
பத்துக்குப் பன்னிரண்டு கோடு.
கொழுந்தனுக்கென்று முன்கூட்டியே ஒரு வயர் போட்டுவைத்தேன்.
வள்ளத்தை விற்ற பணத்தில்
அண்ணனுக்கும் தம்பிக்கும் முட்டியதாகக் கேள்வி.
நான் வராத ஒரு வாரத்தில்
கொத்தனார் செங்கல் அடுக்கி
அடைத்துப் பூசிவிட்டார்.
வயரின் மறுமுனை உள்ளே சுருண்டிருக்கும்.

"உருவிப் பாக்கட்டா?"
"வருமா?"
"வராது. சிமென்டு புடிச்சிருக்கும்.
இந்த முனையை வெட்டி விட்டிரலாம்."

அவள் உடனே பதில் சொல்லவில்லை.
நகத்தில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டினாள்.
"வெட்டாண்டாம்" என்றாள்.
"அவரு மஸ்கட்லேந்து வந்து கேட்டா நாஞ் சொல்லிக்கிடுதேன்."

இந்தத் தடவை பால்பாயின்ட் பேனா.
மாடி ஃபேன். மாடி லைட். படிக்கட்டு.
மோட்டார். வெளி லைட். நியூட்ரல்.
ஏழாவது டேப்பில் பேனா கொஞ்சநேரம் நின்றது.
ஒன்றும் எழுதவில்லை.
செம்பு தெரியாதபடி முனையைச் சுற்றி
பெட்டியின் மூலையில் மடக்கி வைத்தேன்.

மெயினைப் போட்டேன்.
மேலிருந்து அவள் குரல்,
படி வழியாக இல்லை, பைப் வழியாகவே வந்ததுபோல:
"எரியுதண்ணே!"

பையைக் கட்டும்போது ஷிபின் கூப்பிட்டான்.
"கால ஊனிட்டேன் அண்ணே. அடுத்த மாசம் வரச் சொன்னாவ."
"சரி. நாளைக்கு வரும்போது
கறுப்புல ஒண்ணு, பச்சையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு வாங்கு.
அவன் என்ன சொன்னாலும்
சிவப்பு மட்டும் வாங்காத."