இடது பக்கம் காலி

சியாத்துரா. நான்காம் மாடி.
இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த சமையலறை.
என் வேலை நாடா பிடிப்பது:
லென்சுக்கும் கண்ணுக்கும் நடுவே
எவ்வளவு தூரம் என்று சொல்வது.
ஒரு மீட்டர் நாற்பது, என்றேன்.
தமுனா இமைக்கவில்லை.
அழத் தயாராக இருந்தாள்.

இயக்குநர் வாஜா கேட்டது முகம்.
நெற்றியிலிருந்து மோவாய் வரை,
கண்ணீர் இறங்கும் வழி தெரிய வேண்டும்.
மூன்று டேக்.
மூன்றிலும் நன்றாகவே அழுதாள்.
மூன்றிலும் நான்
மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானூலி எதுவும் சொல்லவில்லை.
கேமராவை முக்காலியோடு தூக்கினாள்.
சமையலறையை விட்டு, நடையைத் தாண்டி,
குளியலறை வாசல்வரை பின்வாங்கினாள்.
நாடா எட்டவில்லை.
இருமுறை அளந்து கூட்டினேன்:
ஆறு மீட்டர் பத்து.

இப்போது தமுனா சின்னவள்.
ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு கதவு நிலைகள்,
அதற்குள் ஒரு முதுகு,
கெட்டிலின் ஆவி, ஜன்னல்,
ஜன்னலுக்கு அப்பால்
கம்பியில் தொங்கிக்கொண்டு மலையைக் கடக்கும்
ஓர் இரும்புப் பெட்டி.
அவளையும் வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள்.
இடது பக்கம் ஒரு மேசை. சுவர்.
"முக்கால்வாசி சும்மா கிடக்கிறதே" என்றார் வாஜா.
"கிடக்கட்டும்.
போனவன் அங்கேதான் இருக்கிறான்."

வசனம் ஆறு வரி.
வாஜா பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார்.
மிஞ்சியது: தேநீர் ஆறுகிறது.
அதையும் தமுனா
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள்.
ஒலிப்பதிவு லெவான் மட்டும்
காதுக்கருவியைக் கழற்றாமல்
கெட்டிலைக் கேட்டபடி நின்றான்.

நடுவில் ஒரு முழங்கை வந்தது சட்டகத்துக்குள்.
கட்!
வீட்டுக்காரர் அவ்தாண்டில்.
இரண்டு நாளாய் நகரச் சொல்லிச் சொல்லி
தன் வீட்டிலேயே
சுவரோடு சுவராய் ஒட்டி நின்ற மனிதர்.
மன்னிப்புக் கேட்டார்.
மானிட்டரில் ஒருமுறை பார்க்கலாமா என்றும் கேட்டார்.

பார்த்தார்.
அழுகிறவளை அல்ல, மேசைக்குப் பக்கத்துச் சுவரை.
"இங்கே தையல் மிஷின் இருந்தது" என்றார்.
"பிப்ரவரியில் எடுத்துக்கொண்டு போனாள்."
யாரென்று யாரும் கேட்கவில்லை.
"உங்களுக்கு யார் சொன்னது?"
நானூலி தலையை மட்டும் அசைத்தாள்.
அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் அந்த இரும்புப் பெட்டிக்குள்
கணவன் வேடக்காரனை எடுத்தோம்.
பார்க்கிற பக்கம் இடம் விட வேண்டும் என்பது
எங்களுக்கெல்லாம் முதல் பாடம்.
நானூலி அவன் மூக்கைச் சட்டகத்தின் விளிம்பில் இடிக்க வைத்தாள்.
முதுகுக்குப் பின்னால் ஊர் முழுக்க இருந்தது,
எந்த ஜன்னல் அவனுடையது என்று தெரியாமல்.

அதற்கு முன் நடந்த ஒன்று.
முதல் நாள் மாலை
விளக்குகளைக் கட்டி, கம்பிகளைச் சுருட்டி,
லென்சுக்கு மூடி போட்டாயிற்று.
அவ்தாண்டில் தேநீரோடு வந்து
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
பழக்க தோஷம், குளியலறை வாசலிலிருந்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
சட்டகத்துக்கு ஒரு சாண் வெளியே இருந்தார்.
நாடாவை எடுத்தவன்
திரும்பச் சுருட்டி வைத்தேன்.