குடை

காலையில் முகத்துக்குக் கிரீம் கூடாது.
புதுத்துணி கூடாது,
ஆறு தடவையாவது துவைத்த பருத்தி.
வழியில் பரோட்டா பார்சல் பிரிக்கக் கூடாது:
எண்ணெய் ஊறாத அந்தத் தாளிலும் இருக்குமாம்
நான் தேடிப் போவது.
காப்புக் கட்டியவள் மாதிரி
அவனியாபுரம் தாண்டி
நாழிக் கண்மாய்க் கரையில் இறங்கினேன்,
ஐஸ் பெட்டியும் பதினெட்டுக் குப்பிகளுமாக.

மடைப்பக்கம் நீர். சாக்கடை விழும்
வடமூலையில் நீர்.
ஜிலேபிக் கெண்டையின் ஈரல்.
கருவேலங் கூட்டிலிருந்து சேற்றில் விழுந்து
உடையாமல் கிடந்த நீர்க்காக முட்டை.
கடைசியாக, வெற்றுக் குப்பி.

அதாவது,
ஆய்வகத்துச் சுத்தநீரை எடுத்துப் போய்
கரையில் திறந்து
இன்னொரு குப்பிக்கு மாற்றி
மூடிக் கொண்டுவருவது.
அதில் எதுவும் இருக்கக் கூடாது.
இருந்துவிட்டால்
கண்மாய்த் தண்ணீரைப் பற்றி நான் சொல்வது செல்லாது.
ஒன்றுமில்லை என்பதற்கும்
சாட்சி வேண்டியிருக்கிறது.

அதைத் திறந்த நேரம் பார்த்துத் தூறல்.
"நனையிறியே தங்கச்சி..."
மீன்பாசி ஏலம் எடுத்த ஒச்சப்பன் அண்ணன்
வலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து
விரித்தார் என் தலைக்கு மேல்,
மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த குடையை.
ஒரு பொட்டு ஈரம் ஒட்டவில்லை.
துளிகள் உருண்டு உருண்டு
கம்பி நுனியில் நின்று சொட்டின.
"சேம்பு இலை கெட்டது போ" என்றார்.
நானும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தேன்.

பன்னிரண்டாம் நாள் எந்திரம் சொன்னது:
வடமூலை, லிட்டருக்கு நூற்றுப் பதினேழு நானோகிராம்.
மடை, நாற்பத்து மூன்று.
வெற்றுக் குப்பி, ஒன்பது.

யூஜின் சார் கோபப்படவில்லை.
நீர் வரிசை முழுவதையும் சிவப்பில் அடித்துவிட்டு
"எதைத் தொட்ட?" என்றார்.
விரல் விரலாக யோசித்தேன்.
அன்றிரவு கோரிப்பாளையம் சிக்னலில்
பக்கத்தில் யாரோ குடை விரிக்க
விளங்கிப் போயிற்று.
அண்ணனின் நல்ல மனசு,
லிட்டருக்கு ஒன்பது நானோகிராம்.

முட்டையின் வரியை மட்டும் சார் அடிக்கவில்லை.
ஓட்டுக்குள் எந்தக் குடையும் சொட்டியிருக்க முடியாது.
நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஊறும்,
ஊறினால்தான் அதற்கு முங்க வரும்.
அதனால்தான் கரையேறியதும்
சட்டை காயப்போட்டவன் போலச் சிறகு விரித்து
வெயிலுக்குக் காத்து உட்கார்ந்திருக்கிறது.
நனைந்து பிழைக்கிற அதன் மஞ்சள் கருவில்
நனையாமலிருக்க
நாம் பூசிக்கொண்டது.

மறுபடி போனேன்.
"குடையா?" என்றார் அண்ணன். நம்பவில்லை.
வெயில் தின்னாது, மண் தின்னாது,
எந்தப் புழுவும் செரிக்காது என்றேன்.
கொஞ்ச நேரம் குடையையே பார்த்தவர்
தூரப் போய் ஜீப்புக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.
மழை வந்தது.
குப்பியைத் திறந்தேன், என் உடம்பைக் கூரையாக வளைத்து.
அவரும் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார்,
நிற்க வேண்டிய அவசியமில்லாமல்.

"அப்ப மீனு?"

படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன்:
அனுமதிக்கப்பட்ட அளவு.
ஈயத்துக்கு அங்கே ஓர் எண் உண்டு,
ஆர்சனிக்குக்கு உண்டு.
இதற்கு ஒரு சிறு கோடு.

"கோடுன்னா கூடுதலா, கம்மியா?"
"எம்புட்டு இருந்தாக் கூடுதல்னு
இங்க இன்னும் வகுக்கலண்ணே."
தலையைத் துவட்டினார்.
"ஏலத்தொகையைக் குறைப்பாங்களா?"

குப்பிகளை எண்ணிப் பெட்டியை மூடினேன்.
மழை விடவில்லை.
ஜீப் கிளம்புமுன் குனிந்து குடையை எடுத்தவர்
விரிக்காமல்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கரையோடு நடந்து போனார்.