நடை

வினிபெக்கில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி.
உடற்பயிற்சிக் கூடத்தில் பதினான்கு நாற்காலி போட்டேன்,
வட்டமாக;
பிறகு வரிசையாகப் போடச் சொன்னார்கள்;
பிறகு மறுபடி வட்டமாக.

லெத்தெப்ரஹான் பேருந்தில் வந்தாள்.
கிராரைக் குழந்தைக் கம்பளியில் சுற்றியிருந்தாள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வருகிறாள்;
கையில் ப்ளீச் வாடை. எனக்குத் தெரிந்த வாடை.
குளிரில் ஆறு தந்தியும் கலைந்திருந்தன.
ஒவ்வொன்றாக முறுக்கினாள், அவசரமில்லாமல்.
அந்த இடைவெளியில் ஒருங்கிணைப்பாளர் படிவத்தை நீட்டினார்:
'இந்த இசையின் பயன்கள் மூன்று, சுருக்கமாக.'
அவள் எழுதினாள்:
கல்யாணம். கல்யாணம். சுதந்திர நாள்.

பிறகு வாசித்தாள்.
பியானோ எடுக்கும் மிசஸ் ஹ்ரிட்சாக்
பென்சிலால் தொடையில் தட்டிப் பார்த்து
'ஐந்து' என்றார்.
உடனே எல்லா உதடுகளிலும்
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.
வட்டமாக நடக்கச் சொன்னாள்.
வங்கி வரிசை நகர்வதுபோல் நடந்தார்கள்.
ஐந்தாவது எண்ணில் ஒவ்வொருவரும்
முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்தார்கள்.

எண்ணாதீர்கள் என்றாள்.
எண்ணாமல் எப்படி எழுதிக்கொள்வது என்றார் ஒருவர்.
நியாயமான கேள்விதான்.
திங்கட்கிழமை முப்பது பிள்ளைகள் முன்னால் அவர் நிற்க வேண்டும்,
அவளில்லாமல்.

காப்பிப் பாத்திரத்தோடு நான் குறுக்கே போனேன்.
இடது முழங்கால் எனக்கு மடங்காது.
இலோயிலோவில் மோட்டார் சைக்கிள், பழைய கதை.
வலது நின்று நிதானிக்கும், இடது வெட்டி ஓடும்.
நீளம், குட்டை. நீளம், குட்டை.
பத்தொன்பது வருடமாக இந்தத் தாழ்வாரங்களில்
என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் நடித்துக் காட்டுவது.

கிரார் என்னைப் பிடித்துக்கொண்டது.
நின்றேன். அதுவும் நின்றது.
நடந்தேன்.
'அவர் காலைப் பாருங்கள்' என்றாள்.

கோபம் வரவில்லையா என்று இரவு லிகாயா கேட்டாள்.
வந்தது,
பாத்திரத்தை மேசையில் வைக்கும்வரை.
திரும்பினால்
மிசஸ் ஹ்ரிட்சாக் நொண்டுகிறார்,
எண்ணிக் கேட்டவர் நொண்டுகிறார்,
தோள்கள் தாமாகக் குலுங்குகின்றன.
யாரும் யாரையும் மிதிக்கவில்லை.

காசோலை ஆறு வாரத்தில் வரும் என்றார் ஒருங்கிணைப்பாளர்.
நாற்காலிகளை அடுக்கினேன்.
நிறுத்தம்வரை கம்பளிப் பொட்டலத்தை நான் தூக்கிக்கொண்டேன்.
உறைபனியில் என் அடிக்கு அடி வைக்கப் பார்த்து
வழுக்கினாள், சிரித்தாள்,
'கொஞ்சம் மெதுவாப் போங்க' என்றாள்.